பெருகிய கற்கள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

சீடர் இருதயராஜ், தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் வயிற்றைக் கிழித்துக் கல் எடுத்தே கால் நூற்றாண்டை ஓட்டிய சர்ஜன். கிழிக்காமல், வாய் வழியே ஸ்கோப் என்னும் குழாயை விட்டுப் பித்தக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் வித்தையைக் கற்க மதுரைக்கு வந்திருந்தார். கற்றுத் தருபவர் டாக்டர் மெஹருன்னிசா. அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

அன்று மேசையில் பூ விற்கும் மூக்கம்மாள். பித்தக் குழாயில் கல் அடைத்துக் கண்ணெல்லாம் மஞ்சள்.

"டாக்டரே, ஒரே தடவையில முடிச்சிரணும். மறுபடி வந்து படுன்னா வர மாட்டேன், ஆமா."

"முடிச்சிருதேன் ஆத்தா. நீ தூங்கு."

முதன்முறையாக முழு வேலையும் இருதயராஜ் கையில். பித்தக் குழாயின் வாயைக் கொஞ்சம் வெட்டி அகலமாக்கினார். கம்பிக் கூடையை விட்டு இழுத்தார். கல் வந்து குடலில் விழுந்தது.

"நல்லாயிருக்கு அண்ணாச்சி," என்றார் மெஹருன்னிசா.

மிச்சம் ஏதும் உண்டா என்று பார்க்க, உதவிக்கு நின்ற லீதியா சிஸ்டர் கையிலிருந்த சிரிஞ்சை இருதயராஜ் வெடுக்கென வாங்கி, தானே சாயம் நிரப்பி உள்ளே செலுத்தினார். எக்ஸ்ரே திரையில் சாயம் ஓடிய குழாய் கறுப்பாகத் தெரிந்தது. நடுவில், சாயம் போகாத இடத்தில், வெள்ளையாய் ஒரு வட்டம்.

"இன்னொண்ணு கெடக்கு."

கூடையை விட்டார். வெறுங்கூடை வந்தது. மறுபடி சாயம். இப்போது இரண்டு வட்டம். மறுபடி கூடை, மறுபடி சாயம். மூன்று.

எக்ஸ்ரேயைத் தடுக்கப் போட்ட ஈய அங்கிக்குள் இருதயராஜின் சட்டை நனைந்து ஒட்டியது. எடுக்க எடுக்கக் கூடுகிறதே!

"என்ன மேடம் இது, உள்ள குட்டி போடுதா?"

சிஸ்டர் சிரித்தார். மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

"வாயை இன்னும் கொஞ்சம் வெட்டுதேன். பெரிய பலூனை விட்டு மொத்தமா இழுத்திருவோம்," என்றார் இருதயராஜ்.

இனி வெட்டினால் ரத்தம் பீறிடலாம், குடலே ஓட்டையாகலாம். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கண்ணெதிரே மூன்று கல். வெட்டும் மின்சாரத்துக்கான மிதியில் கால் ஏறிவிட்டது.

"காலை எடுங்க."

"மேடம், அந்தம்மா மறுபடி வரமாட்டாங்க. விட்டுட்டோம்னா சீழ் பிடிச்சே—"

"எடுங்க அண்ணாச்சி. ஸ்கோப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நில்லுங்க."

எடுத்தார். முகம் சுண்டிப்போனது.

"சிஸ்டர், மேசையைத் தலைப்பக்கம் தூக்குங்க."

மேசை மெல்லச் சாய்ந்தது. திரையில் வட்டங்கள் அசைந்தன. ஒன்றோடொன்று ஒட்டின. பிறகு ஈரல் பக்கமாக மேலே, மேலே மிதந்து போயின. குழாய் முழுக்கக் கறுப்பு.

கல் மிதக்காது.

இருதயராஜ் தட்டிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தார். சாயத்துக்கு மேல் விரல் அகலத்துக்குக் காற்று. அவசரத்தில் தட்டி வெளியேற்றாமல், ஒவ்வொரு முறையும் அவரேதான் உள்ளே ஊதியிருக்கிறார்.

மூக்கம்மாளைத் தள்ளிக்கொண்டு போன பிறகும் அவர் அங்கிகூடக் கழற்றாமல் நின்றார்.

"கல்லும் காத்தும் திரையில ஒண்ணு போலத்தான இருந்துச்சு மேடம்?"

"ஒண்ணு போலத்தான்."

"நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க, அது காத்துன்னு?"

"மேசை சாயும்போது. நீங்க பாத்தப்பதான் நானும் பாத்தேன்."

அவருக்கு விளங்கவில்லை.

"அப்ப, அது கல்லா காத்தான்னு தெரியாமலா என்னைக் காலை எடுக்கச் சொன்னீங்க?"

"தெரியாததாலதான் சொன்னேன்."