துணி அடைத்த மணி

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே, நீங்களும்தான்! முன்னொரு காலத்தில், மழையையே மறந்துபோன ஒரு மணல் நாட்டில், தேவ்சி என்ற உப்பு வணிகன் இருந்தான். ஒட்டகங்களில் உப்பை ஏற்றிக்கொண்டு பாலைவனம் தாண்டி விற்கப் போவான். மனைவி ரத்னியும் கூடப் போவாள்.

அந்த உப்பு வணிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரெல்லாம் கடைசி ஒட்டகத்தில்தான் இருக்கும். அதன் கழுத்தில் ஒரு மணி தொங்கும். முன்னே போகிறவன் யாரையும் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது அல்லவா? மணி கேட்டால் எல்லோரும் வருகிறார்கள் என்று பொருள்.

அந்த வருஷம் வழியில் கொள்ளையர் நடமாட்டம் என்று பேச்சு. மணிச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து, தேவ்சி புறப்படும்போதே மணிக்குள் துணியை அடைத்துவிட்டான்.

"நான் பின்னால் வருவது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் கடைசி ஒட்டகத்தில் ஏறிய ரத்னி.

"பேசாமல் வா" என்றான் தேவ்சி. பெரிய வீரன்!

தேவ்சி முதல் ஒட்டகத்தில் ஏற, மூன்று ஒட்டகங்களும் ஒரே கயிற்றில் போயின. நடுவழியில் மணற்காற்று பிடித்துக்கொண்டது. பகலே இருண்டது. கடைசி ஒட்டகத்தின் கயிறு அறுந்தது. தேவ்சிக்கு அது தெரியவே தெரியாது.

காற்று கொஞ்சம் தணிந்தபோது பின்னால் தொப்பு தொப்பென்று காலடி ஓசை. திரும்பிப் பார்த்தான். புழுதிக்குள் ஒட்டகத்தின் மேல் ஓர் உருவம்! மணிச் சத்தம் இல்லை. 'நம்முடைய ஒட்டகம் என்றால் மணி கேட்குமே! இது கொள்ளையன்தான்!' அடைத்ததே தான்தான் என்பது பயத்தில் மறந்துபோயிற்று, பாவி மனுஷனுக்கு.

ஒட்டகத்தை விரட்டினான். காலடியும் விரைந்தது. உப்பு மூட்டைகளைத் தள்ளிவிட்டு விரட்டினான். காலடி இன்னும் விரைந்தது. இரண்டாவது ஒட்டகத்தையும் அவிழ்த்துவிட்டு விரட்டினான். அப்போதும் காலடி விடவில்லை.

வெயில் ஏறியது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒட்டகம் கால் மடங்கி உட்கார, தேவ்சி மணலில் குப்புற விழுந்தான். காலடி ஓசை அவன் தலைமாட்டில் வந்து நின்றது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"ஐயா, கொன்றுவிடாதீர்கள்! பின்னால் என் மனைவி வருகிறாள். தண்ணீரெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்!"

அவன் உதட்டில் தண்ணீர் விழுந்தது.

கண்ணைத் திறந்தால், எதிரே ரத்னி! மணற்காற்றில் அவனைக் கூப்பிட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றாள். அவன் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. வயிறாரக் குடிக்க வைத்தாள். பிறகு மணிக்குள் இருந்த துணியைப் பிடுங்கி எறிந்து, மணியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

மிச்ச வழியெல்லாம் தண்ணீரோடு ரத்னி முன்னே போனாள். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாளோ என்று நடுங்கியபடி, தேவ்சி மணியை ஆட்டிக்கொண்டே பின்னால் போனான்.

பயத்தில், கூட வருகிறவரின் குரலை அடைக்கிறவன், தன்னைக் காப்பாற்ற வருகிறவரையே எதிரி என்று நினைத்து ஓடுவான்.