வெள்ளெலி வீட்டுப் பின்வழி

சரக்… சரக்… நடுச்சாமத்தில் சுவருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. வெள்ளெலி தன் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு காதைத் தீட்டியது.

ஏரிக்கரை மேட்டில் இருந்த அந்த வளைக்கு அது புதிதாகக் குடிவந்திருந்தது. தோண்டிக் கொடுத்தது பெருச்சாளி. தானியத்துக்கு ஓர் அறை, குட்டிகளுக்கு மெத்தென்று பஞ்சு அறை என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தது.

வெள்ளெலி சுவரைத் தடவிக்கொண்டே போனது. பஞ்சு அறைக்குப் பின்னால் ஒரு வழி! அதில் ஒரு மூஞ்சூறு சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

“யார் நீ? என் வீட்டுக்குள் உனக்கு என்ன வேலை?”

“பதறாதீங்க அக்கா. மழையில் நனையாமல் போக இதுதான் வழி. மேட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கே. ஆமாம், உங்க கடைக்குட்டிக்கு இருமல் நின்னுடுச்சா?”

வெள்ளெலிக்குத் திக்கென்றது. குட்டி இருமியதை அது யாரிடமும் சொன்னதில்லை.

விடிந்ததும் பெருச்சாளியிடம் போனது.

“என் வீட்டுக்குள் பொதுவழி வைத்தீர்களே அண்ணே, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

“நீ வேண்டாம் என்று சொல்லவில்லையே அம்மா.”

“இருப்பதே தெரியாமல் எப்படி வேண்டாம் என்பேன்?”

“எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான் வைக்கிறேன். ஓரமாக ஒரு சந்து. உன் தானியத்தில் ஒரு மணி குறைந்ததா?”

“தானியத்தை யார் கேட்டார்கள்? போகிறவர்கள் எல்லாம் என் குட்டிகளைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.”

“பார்த்தால் தேய்ந்தா போய்விடும்? இங்கே எல்லாரும் நல்லவர்கள்.”

திரும்பும் வழியில் வெள்ளெலி மூஞ்சூறைப் பிடித்துக்கொண்டது. “என் வீட்டில் பார்த்ததை யாரிடமாவது சொன்னாயா?”

“கெட்டதா ஒண்ணும் சொல்லலை அக்கா. மேட்டடியில் இருக்கிற புற்றுக்குப் பக்கத்தில் நின்னு அணிலிடம் இருமலுக்கு மருந்து கேட்டேன். பொழுது சாய்ந்தால் நீங்க வயலுக்குப் போயிடறீங்க, குட்டிங்க பாவம் தனியாக் கிடக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

அந்தப் புற்றில் சாரைப்பாம்பு குடியிருந்தது.

அதன் பிறகு வெள்ளெலி யாரிடமும் வாதாடவில்லை. கதவுக்கு ஓர் ஓட்டுச்சில்லை உருட்டி வந்தது. தாழ்ப்பாளுக்குக் கருவேலங்குச்சி ஒன்றைக் கடித்துச் சீவியது. ஏரிக்களிமண்ணைக் குழைத்துப் பின்வழியின் வாயைச் சுற்றிப் பூசியது. பொழுது சாய்ந்தும் வேலை முடியவில்லை. அன்று அது வயலுக்குப் போகவில்லை.

பின்வழியில் ஏதோ இழுபடும் ஓசை கேட்டது. காலடி கேட்கவில்லை.

“மூஞ்சூறுதான் அக்கா,” என்றது ஒரு வழுவழுத்த குரல். “பொதுவழிதானே, கதவு எதற்கு? ஓரமாகப் போய்விடுகிறேன்.”

ஓட்டுச்சில்லை வெளியிலிருந்து ஏதோ முட்டியது. பஞ்சு அறையில் கடைக்குட்டி இருமியது. வெள்ளெலி முதுகைக் கொடுத்துச் சில்லை அழுத்தி, குச்சியைக் குறுக்கே செருகித் தாழிட்டது.

நம்மைக் கேட்காமல் திறந்து வைத்த வழியில் நல்லவர் மட்டுமே வருவார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே தாழ்ப்பாள் எப்போதும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்க வேண்டும்.