சந்தியாகு வீட்டுச் சாப்பாடு

"சிஸ்டர், இன்னும் கடுமையா ஒரு பரிகாரம் சொல்லுங்க" என்றார் கஸ்பார்.

கடலோரத் தியான இல்லத்தின் முற்றத்தில் எமிலியா சிஸ்டர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கஸ்பாரைவிட இளையவர். ஆனாலும் மனம் நொந்த மீனவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார் என்பதும் ஒரு காரணம்.

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோட நடந்தேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்கேன், பொழுது சாயுற வரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது. கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முழங்கால்லயே போறேன்."

வேட்டியை லேசாகத் தூக்கி முழங்காலைக் காட்டினார். காய்ப்பேறிக் கறுத்திருந்தது.

சிஸ்டர் பார்த்தார். ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணினீங்களா?"

"பண்ணினேன். இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்த எல்லாச் சாமியார்கிட்டயும்."

"மன்னிப்புக் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க."

"பிறகென்ன?"

"கொடுத்தாங்க சிஸ்டர். எனக்கு வந்து சேரல."

நடந்தது ஊருக்கே தெரியும். கஸ்பார் விசைப்படகு ஓட்டியவர். ஒருநாள் மற்றப் படகுகளுக்கு முன்னால் கரை சேர்ந்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். பின்பக்கத்தில் கூட்டாளி சந்தியாகு, கம்பிவடத்தில் சிக்கிய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் குரல் கொடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

கஸ்பார் பொறுக்கவில்லை. வலை இழுக்கும் எந்திரத்தை ஓடவிட்டார். சந்தியாகுவின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

அதற்குப் பிறகு கஸ்பார் படகில் ஏறவில்லை. ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனார். பூசைக்கு வருவார். நற்கருணை வாங்க மட்டும் எழுந்து போகமாட்டார்.

"சந்தியாகு என்ன சொன்னாரு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்னைத்தான் கூப்பிட்டான். 'நீ என்ன வேணும்னா செஞ்ச? விடு மச்சான். நான் வீட்டுக்குப் போனதும் வா'ன்னான்."

"போனீங்களா?"

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரே தெருதானே அண்ணே?"

"பின்னால சந்து இருக்கு. அது வழியா போயிருவேன். எந்த மூஞ்சியோட அவன் முன்னால நிக்கிறது?"

சிஸ்டர் ஆய்ந்த கீரையைச் சுளகில் அள்ளி வைத்தார்.

"கடுமையான பரிகாரம்தானே கேட்டீங்க?"

"ஆமா சிஸ்டர். எதுன்னாலும் செய்றேன்."

"சந்தியாகு வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிடுங்க."

கஸ்பார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அது மட்டும் வேண்டாம். வேளாங்கண்ணிக்கு இன்னொரு தடவை நடக்கச் சொல்லுங்க, இப்பவே கிளம்புறேன்."

"அது உங்களுக்கு லேசு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் ஒருசந்தி."

"முறிச்சிருங்க. ஆண்டவர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"கூப்பிடாத வீட்டுல எப்படிப் போய் உக்காருறது?"

"அவரு ஆஸ்பத்திரியிலயே கூப்பிட்டாச்சு" என்றார் சிஸ்டர். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கஸ்பார் முன்தெரு வழியாக நடந்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் கால் வைக்கிறார்.

சந்தியாகுவின் மனைவி ரோசாலி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று கஸ்பார் காத்து நின்றார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து சந்தியாகுவின் குரல்.

"உங்க கூட்டாளி" என்றாள் ரோசாலி. பிறகு கஸ்பாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கை போன புண்ணு எப்பவோ ஆறிருச்சு அண்ணே. நம்ம கஸ்பார் வரலையேன்னுதான் இந்த மனுஷன் வெசனப்பட்டுக்கிட்டே கெடந்தாரு."

கஸ்பார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை காலமும் தான் படும் வேதனையை நினைத்திருக்கிறார். இதை ஒருநாளும் நினைத்ததில்லை.

உள்ளே சந்தியாகு சாப்பிட உட்கார்ந்திருந்தார். சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

"உக்காரு."

ரோசாலி இன்னொரு தட்டு வைத்தாள். சோறு, நண்டுக் குழம்பு.

எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் கஸ்பாரிடம் இருந்தன. வாயைத் திறந்தார்.

"மச்சான், நான்..."

"சோறு ஆறுது."

கஸ்பார் ஒரு வாய் அள்ளி வைத்தார். கண்ணீரும் சேர்ந்து இறங்கியது. சந்தியாகு அதைப் பார்க்காதவர்போல இருந்தார். பிறகு இடது கையால் தன் தட்டிலிருந்த நண்டை எடுத்துக் கஸ்பாரின் தட்டில் போட்டார்.

"உடைச்சுக் குடு."

கஸ்பார் புரியாமல் பார்த்தார்.

"ஒத்தைக் கையால இது மட்டும் முடியல. ரோசாலி உடைச்சுத் தாரேன்னு சொல்லுவா. சின்னப்புள்ள மாதிரி இருக்குன்னு வேண்டாம்னுருவேன். குழம்பை மட்டும் ஊத்திச் சாப்பிட்டு எந்திரிச்சிருவேன்."

"என்கிட்டக் கேக்குறியே."

"உன்கிட்டக் கேக்க எனக்கென்ன கூச்சம்?"

கஸ்பார் நண்டை எடுத்தார். ஓடு உடைந்தது. வெள்ளைச் சதையைப் பிரித்தெடுத்துச் சந்தியாகுவின் தட்டில் வைத்தார்.

சந்தியாகு அதைச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். முகம் மலர்ந்தது.

"பெரிய காலை உடைக்காம விட்டுட்டியே" என்றார். "அதுலதான் ருசியே இருக்கு."