நல்லசிவத்தின் ஆள்

ஈரோட்டில் புது மஞ்சள் வரத்து தொடங்கும் மாசி மாதத்தில் நடந்த கதை இது. முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தமயந்தி புள்ளியியல் பட்டதாரி. வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொன்ன வீட்டாரை மீறி, காப்பீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தாள்.

"இன்சூரன்ஸா? எதிர்ல நீ வந்தா சனங்க சந்துக்குள்ள பூந்துக்குவாங்க கண்ணு" என்றார் தாய்மாமன்.

"பூந்தா அங்கயும் வருவேன் மாமா."

பயிற்சி முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குள் ஒரு வாடிக்கையாளரையாவது தானே பிடித்து வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாமன் சிரிப்பார், வங்கித் தேர்வு வகுப்பு காத்திருக்கும்.

நிறுவனத்தை நடத்தியவர் கந்தப்பன். சேர்ந்த அன்றே அவர் சொன்னது இது: "ஏஜென்ட், கம்பெனியோட ஆள். நாம புரோக்கர், வாடிக்கையாளரோட ஆள். இது மறந்துபோச்சுன்னா இந்தத் தொழிலுக்கு வராதே."

அவள் பிடித்த முதல் வாடிக்கையாளர் நல்லசிவம். மஞ்சள் மண்டியும் அதன் பின்னால் கிடங்கும் வைத்திருந்தார். கையெழுத்தை முதலில் போட்டுவிட்டுப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்கிற பழைய மண்டி வழக்கம் அவருடையது. நிரப்பாத தீக்காப்பீட்டு விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்திட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"நம்பிக்கைதானுங்க அம்மிணி யாவாரம். நீங்களே எழுதிக்கோங்க."

அவள் கேள்விகளை வாசித்து வாசித்து எழுதினாள். ஒரு கேள்வியில் பேனா நின்றது. கிடங்குக்குள் சேமிப்பு தவிர வேறு வேலை ஏதாவது நடக்கிறதா? பின்மூலையில் மஞ்சளுக்குப் பாலிஷ் போடும் டிரம் மோட்டாரில் சுழன்றுகொண்டிருந்தது. அதன் தூசு மூட்டைகளின்மேல் தடிமனாகப் படிந்திருந்தது.

"அந்த டிரம்மை எழுதணுமுங்க."

"அதெதுக்குங்க? எழுதினா பிரீமியம் ஏறும். இல்லைன்னு போட்டுருங்க. தீப்புடிச்சா குடுக்கறதுக்குத்தானே வருசாவருசம் கட்டறோம்?"

டிரம்மை மறைத்துப் பாலிசி எடுத்தால், தீப்பிடிக்கும்போது இழப்பீடு மறுக்கப்படும் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். முதல் வாடிக்கையாளர், வாய் வரவில்லை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு அலுவலகம் திரும்பினாள்.

கந்தப்பன் தாளைப் பார்த்தார். "இல்லைன்னு எழுதும்மா. அவர் வாயால சொன்னதுதானே? நாம அவர் ஆள்."

"இழப்பீடு கெடைக்காதுன்னு அவருக்குத் தெரியாது சார்."

"அவர் கேட்டாரா?"

கந்தப்பன் உள்ளே போனதும் பக்கத்து மேசை தனராஜ் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான். அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். "குடு இப்படி. நான் ஆமான்னு போட்டுடறேன். கொஞ்சம் கூடக் கட்டுவாரு, அவ்வளவுதான். படிச்சுப் பாக்கற ஆளா அவரு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கையெடுத்துக் கும்பிடுவாரு. நானும் அவர் ஆள்தான். உன் வேலையும் நெலைச்சுடும்."

எப்படி எழுதினாலும் வேலை நிலைத்துவிடும். அதுதான் அவளுக்கு உறுத்தியது. தாளை எடுத்துக்கொண்டு மறுபடி மண்டிக்குப் போனாள்.

"இல்லைன்னு எழுதினா பிரீமியம் கொறையுமுங்க. ஆனா தீப்புடிச்ச அன்னிக்கு இந்தப் பாலிசியும் ஒரு மூட்டை மஞ்சள்தான். சேந்து எரியும், காசு வராது. நான் இல்லைன்னு எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியாம ஆமான்னும் எழுத மாட்டேன்."

தராசருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்லசிவத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"நேத்து வேலைக்கு வந்த புள்ளை எனக்கு யாவாரம் சொல்லிக் குடுக்கறயா? எந்திரிச்சுப் போ அம்மிணி."

"போறேனுங்க."

கையெழுத்திட்ட தாளை அவர் மேசைமேல் வைத்தாள். பறக்காமல் இருக்க ஒரு எடைக்கல்லை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் அலுவலகம் சேர்வதற்குள் நல்லசிவத்திடமிருந்து போன் வந்திருந்தது.

"ஃபாரம் எங்கே?" என்றார் கந்தப்பன்.

"அவரோடது. அவர்கிட்ட இருக்கு."

"போய் மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்னபடி எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா ஐடி கார்டைக் கழட்டி வச்சுட்டுப் போ. வாடிக்கையாளர் பேச்சைக் கேக்காதவ என்ன புரோக்கர்?"

தனராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "நான் போட்டிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

தமயந்தி கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சேன் சார். நான்தான் அவரோட ஆள்."

கந்தப்பன் நல்லசிவத்தின் வாய்ச்சொல்லைக் காப்பாற்றப் பார்த்தார். தனராஜ் அவருடைய கிடங்கைக் காப்பாற்றப் பார்த்தான். தமயந்தியோ எதையும் எழுதாமல், வாடிக்கையாளரையும் வேலையையும் தொலைத்துவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். மூவருமே தங்களை நல்லசிவத்தின் ஆள் என்றார்கள். இவர்களில் உண்மையில் யார் நல்லசிவத்தின் ஆள்?

விடை: கந்தப்பனும் தனராஜும் எதிரெதிராகப் பேசினாலும் ஒரு காரியத்தில் ஒன்றுதான். விவரம் தெரியாமல் ஒருவர் போட்ட கையெழுத்துக்கு மேலே தங்கள் பேனாவை ஓட்டத் துணிந்தார்கள். தமயந்தி அந்தக் கையெழுத்தை, விவரத்தையும் சேர்த்து, போட்டவரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஆகவே அவள்தான். விவரம் தெரிந்துவிட்ட மனிதருக்கு, அவர்கள் யாருக்கும் தோன்றாத ஒரு வழியும் தோன்றும். பங்குனியில் நல்லசிவம் அவளுக்குப் போன் செய்தார். "ஏனுங்க அம்மிணி, டிரம்மைத் தூக்கித் தோட்டத்துச் சாளைக் கொட்டகையில போட்டுட்டேன். இப்ப இல்லைன்னு எழுதலாமல்ல?" "தாராளமா எழுதலாமுங்க. ஆனா நான் இப்ப எங்கயும் வேலையில இல்லைங்க." "அப்பச் சேருங்க. சேந்துட்டுச் சொல்லுங்க. தாளு எடைக்கல்லுக்கு அடியிலயே கெடக்கட்டும்."