பூசணிக்காய் உடைத்துப் புறப்பட்ட சைக்கிள் பயணம்

கருமடைக் காட்டு மிருகங்களுக்குத் திடீரென்று சைக்கிள் ஆசை வந்துவிட்டது. குளக்கரையிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அருவிக்காடு வரைக்கும் கூட்டமாக மிதித்துப் போவது என்று முடிவாயிற்று. மிருகங்களுக்குச் சைக்கிள் ஏது என்று கேட்காதீர்கள். பேசுகிற குரங்கை நம்பப்போகிறவர்கள் சைக்கிளையும் சேர்த்தே நம்பிவிடுங்கள்.

அந்தக் குரங்கின் பெயர் தங்கப்பழம். அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோரையும்விட உயரமான கிளையில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேருக்கு ஊர் சுற்றும் ஆசை. மரிக்கொழுந்து என்ற தேவாங்குக்கு மட்டும் அங்கே வேலை இருந்தது. அவள் தங்கை பவளம் அருவிக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது தலைப்பிரசவம். தாய் இல்லாத பிள்ளைகள். "பௌர்ணமிக்குள்ள வந்துடு அக்கா, நீ பக்கத்துல இல்லன்னா எனக்குப் பயமா இருக்கும்" என்று ஒரு கொக்கிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வழியில் ஒரு பள்ளத்தில் சிறுத்தை இருந்தது. தனியாகப் போகிற தேவாங்கு அதற்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அதனால்தான் மரிக்கொழுந்து கூட்டத்தில் சேர்ந்தாள்.

ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. டி-ஷர்ட் பச்சையா மஞ்சளா என்று முடிவெடுக்க மட்டும் நாலு கூட்டம் போட்டார்கள். பிறகு பேனர். தங்கப்பழம் சைக்கிள் மேல் சாய்ந்தபடி யானை அளவுக்கு நின்றார். மரிக்கொழுந்தின் படம் கீழே மூலையில், எறும்பு பார்த்தால் அடையாளம் தெரியும் அளவுக்கு இருந்தது.

அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தினமும் விடிந்ததும் குளத்தைச் சுற்றி ஓட்டிப் பழகினாள். முதல் நாள் மூன்று சுற்று. பிறகு பத்து, இருபது. திடீரென்று பிரேக் பிடித்து நிற்கவும், ஒடித்து ஒதுங்கவும் பழகினாள்.

"என்னம்மா, போறதுக்கு முன்னாடியே போய்ட்டு வந்துடுவ போலிருக்கே?" என்று காட்டுப்பன்றி சுடலைமுத்து கிண்டலடித்தார்.

"நீங்களும் வாங்கண்ணே, நாலு சுத்து சுத்தலாம்."

"எனக்கெதுக்கு? ரோட்ல ஏறினா கால் தானா மிதிக்கும்."

முள்ளம்பன்றி பூலோகமும் வருகிறேன் என்று கேட்டு வந்தான். தலைவர் கிளையிலிருந்து ஓர் அடி கீழே இறங்கி, "உன் முள்ளு டயரைக் குத்திடும்ப்பா. நாங்க நல்ல காரியத்துக்குக் கிளம்புறோம், மனசுல வச்சுக்காதே" என்றார். பூலோகம் தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒருவழியாகப் புறப்பட்டார்கள். எல்லாச் சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. மாலையும் போட்டாகிவிட்டது. தங்கப்பழத்துக்குத் திருப்தி வரவில்லை. "பூசணிக்காய் எங்கப்பா?"

சுடலைமுத்து பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, பத்துச் சைக்கிளுக்கும் மூன்று சுற்றுச் சுற்றி, நடுரோட்டில் போட்டு உடைத்தார். தலைவரின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே. பிறகு ஓடிப்போய்த் தன் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

தலைவர் கம்பீரமாக மிதித்தார். சக்கரம் பூசணிச் சதையில் ஏறியது. சர்ரென்று வழுக்கிப் படுத்தார். அவர் மேல் சுடலைமுத்து விழுந்தார். சுடலைமுத்து மேல் மீதி ஏழு பேரும் விழுந்தார்கள். பிரேக் எந்தப் பக்கம் என்று தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் வந்த மரிக்கொழுந்து மட்டும் பிரேக் பிடித்து, ஒடித்து ஒதுங்கி, அந்தப் பக்கம் போய் நின்றாள்.

தலைவர் விதையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கண்ணு பட்டுடுச்சு. பூசணிக்காய் சின்னது, அதான். அடுத்த தடவை பெருசா வாங்கணும். பௌர்ணமி கழிஞ்சு பார்ப்போம்."

மரிக்கொழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கம் வந்தாள். "அண்ணே, என் தங்கச்சி காத்துக்கிட்டிருப்பாளே..."

"பிரசவம் இன்னொண்ணு வரும்மா. திருஷ்டியைக் கழிக்காம வண்டி எடுக்கக் கூடாது."

அவள் அழுதுகொண்டே சைக்கிளைத் திருப்பினாள். சாலையோரத்தில் பூலோகம் நின்றுகொண்டிருந்தான்.

"நான் வரட்டுமாக்கா?"

"உன் முள்ளு டயரைக் குத்துமேப்பா?"

"தினம் குத்துது. அதனாலதான் பஞ்சர் ஒட்டப் பழகினேன். இந்தக் காட்டுல அது தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்."

"சிறுத்தை?"

"போன வருஷம் என் மேல ஒரு அடி வச்சுது. இன்னும் நொண்டுதுன்னு கேள்வி."

இருவரும் புறப்பட்டார்கள். முதல் நாள் மட்டும் நாலு பஞ்சர். நாலையும் பூலோகம் ஓரமாக உட்கார்ந்து ஒட்டினான். பள்ளத்தில் சிறுத்தை பாறை மேல் படுத்திருந்தது. தேவாங்கைப் பார்த்து எழுந்தது. பக்கத்தில் வந்த ஆளைப் பார்த்ததும் தன் பாதத்தை நக்கிக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டது.

பௌர்ணமிக்கு முதல் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். அன்று சாயங்காலமே பவளம், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இரட்டைக் குட்டி பெற்றாள்.

"ரொம்ப பயந்துட்டியா?"

"நீ வர்ற வரைக்கும்."

பதினைந்து நாள் கழித்து மரிக்கொழுந்தும் பூலோகமும் ஊர் திரும்பினார்கள். தலைவரின் மரத்தடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. டி-ஷர்ட் நிறம் ராசியில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

தங்கப்பழம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "வாங்க, வாங்க. நம்ம சங்கத்தோட முதல் பயணத்தை ஜெயிச்சுட்டு வந்திருக்கீங்க! உங்களுக்குப் பாராட்டு விழா வைக்கப்போறோம். பெரிய பூசணிக்காயா சொல்லியாச்சு."

பூலோகம் மரிக்கொழுந்தைப் பார்த்தான். இருவரும் சைக்கிளைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தினார்கள்.

ஊர் பார்க்கச் செய்த ஏற்பாடு வாசலோடு நின்றுவிடும்; யாரும் பார்க்காதபோது பழகிக்கொண்ட வேலைதான் போய்ச் சேர வேண்டிய இடம்வரை கூட வரும்.