குமிழனின் தட்டுப்பலகை

ஏரிக்கரை மருதமரத்தடியில் கொக்கு வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். தவளை, வாத்து, முயல் என்று எல்லா வீட்டுக் குட்டிகளும் அங்கேதான் படித்தன. துள்ளி என்ற நீர்நாயின் மகன் குமிழனும் தினமும் அங்கே வந்து உட்கார்ந்தான். ஆனால் வாத்தியார் கணக்கில் அவன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வந்ததே இல்லை!

அது எப்படி என்கிறீர்களா? வாத்தியார் காலையில் பெயர் கூப்பிடுவார். "உள்ளேன் ஐயா!" என்று குரல் கொடுத்தால்தான் வந்ததாக அர்த்தம். குமிழனுக்கோ பேச்சு வராது. தண்ணீரில் ஒரு சுழியைக் கண்டால் பொழுதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தவளைகள் கூச்சல் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவான். அவன் வாத்தியாரின் அலகுக்கு நேரேதான் உட்கார்ந்திருப்பான். அவரோ, "குமிழன் வரவில்லை!" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நல்ல நியாயம் போங்கள்!

அவன் அப்பா சுழியன் கைவேலையில் கெட்டிக்காரன். ஒரு மரப்பட்டையில் நத்தை ஓடு, மூங்கில் துண்டு, காய்ந்த வாகைக்காய் மூன்றையும் கட்டிக் கொடுத்தான். நத்தை ஓட்டைத் தட்டினால் 'டிக்'. 'நான் இருக்கேன்' என்று அர்த்தம். மூங்கிலைத் தட்டினால் 'டொக்'. 'உதவி வேணும்' என்று அர்த்தம். காயை ஆட்டினால் 'சலசல'. 'சத்தம் தாங்கல' என்று அர்த்தம். குமிழன் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டான் பாருங்கள், வீடே கலகலத்துப் போனது! மகனின் ஒரு பதிலுக்காக ஏங்கிக்கிடந்த துள்ளிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாளே பலகையும் மகனுமாகத் துள்ளியும் சுழியனும் பள்ளிக்கு ஓடினார்கள்.

"வகுப்புல தட்டுமுட்டுச் சாமானா? கூடவே கூடாது!" என்றார் கொக்கு.

"ஐயா, அதுதாங்க அவனுக்கு வாய்!" என்றாள் துள்ளி.

"இதுக்குப் பழகிட்டா அப்புறம் அவன் வாயையே திறக்க மாட்டான்! இவனுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாக் குட்டியும் ஆளுக்கொன்னு கேட்கும். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். இதோ பாரம்மா, நாளைக்கும் இவன்கிட்ட இருந்து பதில் வரலைன்னா பெயரை எடுத்துடுவேன். பிள்ளையை வீட்டோட வச்சுக்கோ!"

ஏரிக்கரையில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. பெயர் போனால் குமிழன் மற்ற குட்டிகளோடு உட்கார இடமே இல்லை. சும்மா விடுவாளா துள்ளி? வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா ஏன் எப்பவும் ஒரு காலை மடக்கிக்கிட்டே பாடம் நடத்துறீங்க?"

"அப்படி நின்னாத்தான் எனக்குப் புத்தி ஓடும்!"

"நாங்கல்லாம் எல்லாக் காலையும் ஊன்றித்தானே நிக்கிறோம்? எல்லாரும் ஒண்ணுன்னா நாளைக்கு நீங்களும் ரெண்டு காலையும் ஊன்றிப் பாடம் நடத்துங்க. நடத்தி முடிச்சுட்டா என் மகனை நானே கூட்டிக்கிட்டுப் போயிடறேன். முடியலைன்னா பலகை வகுப்புக்குள்ள வரும்!"

"ஃபூ! இவ்வளவுதானா? சரி!" என்றார் கொக்கு.

திரும்பும் வழியெல்லாம் சுழியன் புலம்பினான். "என்ன காரியம் பண்ணிட்டே! அவரு ஜெயிச்சுட்டா?"

"அப்போ அழுதுக்கலாம். இப்போ நடையைக் கட்டுங்க!" என்றாள் துள்ளி. வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

மறுநாள் பலகையை வகுப்புக்கு வெளியே வைத்துவிட்டு, இருவரும் ஓரமாக உட்கார்ந்தார்கள். வாத்தியார் ஜம்மென்று இரண்டு காலையும் ஊன்றி நின்றார். பருந்து வந்தால் எப்படித் தப்பிப்பது என்பது அன்றைய பாடம்.

"பருந்து வந்தா எல்லாரும் உடனே... உடனே வெட்டவெளிக்கு ஓடிவந்து... இல்லையில்லை... பருந்துகிட்ட போய் வணக்கம் சொல்லி..."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. தவளைக்குட்டிகள் கத்திய கத்தலில் மரத்தடியே அதிர்ந்தது. வாத்தியாருக்குக் கழுத்து தொங்கிப்போனது. பாவம், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

காதைப் பொத்திக் கிடந்த குமிழன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். எழுந்து வெளியே போனான். 'ஐயோ, ஓடிப்போகிறானே!' என்று துள்ளி பதறி எழுந்தாள். சுழியன் அவள் வாலைப் பிடித்து உட்கார வைத்தான்.

குமிழன் பலகையோடு திரும்பி வந்தான். வகுப்பைப் பார்த்து வாகைக்காயை ஆட்டினான். சலசல! குட்டிகள் திகைத்து வாயை மூடின. பிறகு பலகையை வாத்தியார் முன்னால் வைத்து, அவர் அலகை மெல்லப் பிடித்து மூங்கிலில் தட்டினான்.

டொக்!

"'உதவி வேணும்'னு அர்த்தங்க ஐயா!" என்று ஓரத்திலிருந்து சுழியன் குரல் கொடுத்தான்.

வாத்தியார் தானாகவே இன்னொரு தரம் மூங்கிலைத் தட்டினார். "ஆமாடா கண்ணு. எனக்கு உதவி வேணும்!"

குமிழன் குனிந்து அவருடைய ஒரு காலை மேலே தள்ளிவிட்டான். கால் மடங்கியதுதான் தாமதம், பாடம் கடகடவென்று வந்தது. "பருந்து வந்தா புதருக்குள்ள பூந்துக்கணும்! மூச்சு விடக்கூடாது!"

பாடம் முடிந்ததும், "இன்னைக்கு மறுபடியும் பெயர் கூப்பிடப்போறேன்" என்றார் வாத்தியார். மற்ற பெயர்களெல்லாம் முடிந்தன. கடைசியாக, "குமிழன்!" என்றார்.

குமிழன் பலகைக்குக் கையை நீட்டினான்.

டிக்!

"குமிழன் வந்திருக்கிறான்" என்றார் வாத்தியார். "இத்தனை நாளும் வந்திருக்கிறான்."

எல்லாரும் ஒன்றுதான் என்று வாயால் சொன்னால் போதாது. அவரவருக்கு எது கைகொடுக்குமோ அதைக் கொடுத்தால்தான் எல்லாரும் ஒன்றாவார்கள்.