மதில் ஏறி வந்த பரங்கி

பொன்னந்துறைக் கோயில் மடைப்பள்ளிக்கு விறகு பிளந்து போடுவது குற்றாலிங்கம் என்ற அடியாரின் வேலை. விடிந்ததும் கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போவார். கட்டைகளைப் பிளந்து, அன்றைக்கு வேண்டியதை அடுப்பருகே அடுக்கிவிட்டு, அதே வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார். முன்வாசல் வழியாக அவர் சந்நிதிக்குப் போவது திருவிழா நாட்களில் மட்டும்தான். ஊரார் அவரைக் குத்தாலம் என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் வெறுங்கையோடு அவர் அந்தப் பின்வாசலை மிதித்ததில்லை. ஒரு கையில் கோடாலி என்றால் மறு கையில் ஓலைக் கொட்டான் இருக்கும். வீட்டுக் கொல்லையில் அன்று பறித்த கத்திரியோ அவரையோ புடலையோ அதில் வாழையிலை மூடிக் கிடக்கும். உச்சிக்காலப் பூசைக்கு நைவேத்தியமாகும் கறி குற்றாலிங்கம் வீட்டுக் கொல்லையிலிருந்தே போகவேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கட்டளை. ஊரில் மற்ற வீடுகளுக்கு வயல் உண்டு, தோப்பு உண்டு. அந்த வீட்டுக்கு இந்தக் கறிக்கட்டளைதான் உண்டு. அதை அவர்கள் வயலைவிடப் பெரிதாக நினைத்தார்கள். நினைத்ததில் தவறும் இல்லை.

கட்டளைக்கு ஒரு விதி இருந்தது. விதை சொந்த விதையாக இருக்கவேண்டும். கடையில் வாங்கியதிலோ, பிறரிடம் கேட்டுப் பெற்றதிலோ காய்த்த காய் அந்தக் கொட்டானில் ஏறக்கூடாது. ஆகவே ஒவ்வொரு கொடியிலும் முதலில் திரண்ட நல்ல காய் எதுவோ, அதன் காம்பில் மஞ்சள் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சு காம்புக்கு அடியில் விழும்படி கட்டிவிடுவார்கள். அது அந்த வீட்டு முடிச்சு. நூல் கட்டிய காய் விதைக்காய். அடுப்பில் உலை கொதித்து, கறிக்கு ஒன்றும் இல்லாத நாளிலும் அதன் பக்கம் ஒரு கை போகாது. அது முற்றிய பிறகு விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு, புகை படும்படி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார் மனைவி பகவதியம்மாள். விதை கேட்டு வரும் பெண்களுக்கு அவர் கை நிறைய அள்ளிக் கொடுப்பார். விதை கேட்டு அந்த வீட்டார் இன்னொருவர் வாசலில் நின்றதில்லை. அந்த வீட்டு மானம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

பரங்கி விதையை மட்டும் வெளியே கொடுக்கமாட்டார்கள். மார்கழித் திருவாதிரையன்று களியோடு படைக்கும் கூட்டுக்கு, வரி வரியாகப் பள்ளம் விழுந்து செம்மண் நிறத்தில் முற்றும் அந்தப் பரங்கிதான் போகும். அது சுவாமியின் காய். அதன் விதை வேறு கொல்லையில் முளைப்பது முறையல்ல என்று முன்னோர் சொல்லிவைத்தார்கள்.

சுவாமிக்கு ஊரார் வழங்கிய பெயர் வித்தையார். பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் பிள்ளைகளை அவர் சந்நிதிக்குக் கூட்டி வருவார்கள். குற்றாலிங்கம் வீட்டில் மட்டும் வித்துடையார் என்று சொல்லிப் பழகியிருந்தார்கள். அடுத்த தோட்டத்துப் பிரமநாயகத்துக்கு அதைக் கேட்டால் சிரிப்பு அடங்காது. அவர் வசதிக்காரர். டவுன் கடையிலிருந்து பாக்கெட் விதை வாங்கி, தலையளவு கத்திரிக்காய் காய்க்க வைப்பவர்.

"என்ன வே குத்தாலம், உம்ம வாயில விழுந்து சாமி பேருகூட விதையாப் போச்சே."

"என்ன செய்ய அண்ணாச்சி, காலையில எந்திரிச்சா கண்ணுல படுதது அதுதானே."

"உம்ம கத்திரிக்காயப் பாத்தேன். கோலிக்குண்டு கணக்கா இருக்கு. சாமிக்குப் பல்லுல ஒட்டுமா?"

"இதுவரைக்கும் அவரு ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் கோடாலியோடு நடந்துவிடுவார்.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்து ஆறு ஊருக்குள் வந்தது. கணவனும் மனைவியும் கோயில் மண்டபத்தில் ஒண்டிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து திரும்பிப் போனபோது வீட்டின் பின்சுவர் அடுப்படியோடு சரிந்து கிடந்தது. சுரைக்குடுக்கை போன இடம் தெரியவில்லை. கொல்லையில் செடி இருந்த இடமெல்லாம் சேறு. பகவதியம்மாள் அந்தச் சேற்றைக் கையால் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் மட்டும் ஒரு பரங்கிக்கொடி தப்பியிருந்தது. அதில் ஒரே ஒரு காய். காம்பில் மஞ்சள் நூல்.

செய்தி பரவியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மடியில் முடிந்துவந்த விதையை பகவதியம்மாள் கையில் வைத்தார்கள். "எக்கா, இது எங்க வீட்டு விதையின்னு நெனச்சிராதிய. போன வருசம் நீங்க குடுத்த அவரைதான், எங்க கொல்லையில இருந்துட்டு வந்திருக்கு" என்றாள் ஒருத்தி. கத்திரி வந்தது, புடலை வந்தது, கீரை வந்தது. கேட்டு வாங்கியதல்ல, கொடுத்ததுதான் வந்தது என்பதால் குற்றாலிங்கமும் தலை நிமிர்ந்தே அவற்றை ஊன்றினார். முதலில் தழைத்த கீரையைக் கிள்ளி உச்சிக்காலக் கொட்டானில் வைத்தார். பரங்கி மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. கொடுத்திருந்தால் அல்லவா வருவதற்கு?

மார்கழி பிறந்தது. வழக்கமான ஆண்டுகளில் திருவாதிரைக்கு ஒரு காய், விதைக்கு ஒரு காய் என்று பிரிந்து போகும். இந்த ஆண்டு இரண்டுக்கும் கொட்டகைமேல் இருந்த ஒரு காய்தான். கொடுத்தால் அடுத்த ஆண்டு பரங்கி இல்லை, கட்டளை அவர் காலத்தோடு முடிந்தது. கொடுக்காவிட்டால் இந்த ஆண்டே முடிந்தது.

திருவாதிரைக்கு முந்தின நாள் பிரமநாயகம் வேலிக்கு அப்பால் வந்து நின்றார். கையில் பளபளவென்று ஒரு பெரிய பரங்கி இருந்தது.

"வே, இதக் கொண்டுபோய் உம்ம பேர்ல குடும். ஒரு குஞ்சுக்கும் தெரியாது. பரங்கி பரங்கிதானே."

கேலிக்காக வந்தவரல்ல அவர். அது குற்றாலிங்கத்துக்கும் தெரிந்தது. "நீங்க சொன்னதே போதும் அண்ணாச்சி. ஆனா அவருக்கு எங்க கொல்லை ருசி பழகிப் போச்சு. மாத்திக் குடுத்தா நாக்குல கண்டுபிடிச்சிருவாரு" என்று கைகூப்பினார்.

பகவதியம்மாள் வேறு வழி சொன்னார். "இந்தாங்க, காயை அறுத்து விதைய எடுத்துக்கிட்டு, சதைய மட்டும் கொண்டுபோய்க் குடுங்களேன். கூட்டுக்குச் சதைதானே வேணும்?"

"குடலை உருவுன காயவா சாமிக்குக் கொண்டுபோகச் சொல்லுத? முழுக்காயாத்தானே இந்த வீட்டுலேர்ந்து போயிருக்கு."

"அப்போ கட்டளை உங்களோட போகட்டும்னு சொல்லுதியளா? உங்க அப்பா மொகத்த நெனச்சுப் பாருங்க."

அவர் கொட்டகைக்குப் போனார். ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறி, காயின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெயிலில் அது கதகதவென்று இருந்தது. நூல் கட்டிய காயை அந்த வீட்டில் யாரும் அறுத்ததில்லை. தன் தகப்பனார் முகமும், அவர் கொட்டானைச் சுமந்து போன நடையும் கண்ணில் வந்தன. பிறகு, ஏதோ கணக்குத் தீர்ந்தவர்போல முடிச்சை அவிழ்த்தார். காயைப் பறித்தார்.

கீழே இறங்கி மனைவியிடம் சொன்னார்: "வருத வருசத்துக் கறி அவரு கவலை. நாளைக்குக் கறி என் கவலை. என் கவலைய நான் பாக்கேன்."

பகவதியம்மாள் அந்த நூலை வாங்கி மாடக்குழியில் வைத்தார். மறுநாள் அந்தக் காயைக் கழுவித் துடைத்துக் கொட்டானில் வைத்தவரும் அவரே.

மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைக்கும் நாறும்பூ ஐயர் காயை இரண்டாகப் பிளந்தார். உள்ளே விதை வெள்ளைவெளேரென்று நிறைந்திருந்தது. வெள்ளத்தின் கதை அவருக்கும் தெரியும்.

"ஓய் குத்தாலம், ஒரு பிடி எடுத்துண்டு போமேன். நான் எப்படியும் இதை வெளியிலேதானே கொட்டப்போறேன்."

"குடுத்ததத் திரும்ப வாங்குத பழக்கம் எங்க வீட்டுல இல்ல சாமி."

"சுவாமி விதையை வச்சுண்டு என்ன ஓய் பண்ணுவார்?"

"அவரு பேரே அதானே சாமி" என்று சொல்லிவிட்டு, குற்றாலிங்கம் கோடாலியை எடுத்து அடுத்த கட்டையைப் பிளந்தார். ஐயர் தலையை ஆட்டிக்கொண்டே விதையை அள்ளி, பின்மதிலை ஒட்டிக் கழுநீர் போகும் வாய்க்காலோரம் வழக்கம்போலக் கொட்டினார்.

தை போயிற்று, மாசி போயிற்று. சரிந்த சுவரை இருவரும் மண் குழைத்து எழுப்பினார்கள். புது அடுப்பு எரிந்தது. அவரை பூத்தது, கத்திரி காய்த்தது, கொட்டான் ஒரு நாளும் வெறுமையாகப் போகவில்லை. பரங்கிக்கு ஒதுக்கும் மூலையில் குற்றாலிங்கம் எதையும் ஊன்றவில்லை. அந்த இடத்தைத் தினமும் கூட்டிச் சுத்தமாக வைத்தார். கேட்டவர்களிடம், "இடத்துக்காரரு வருதவரைக்கும் இடம் சும்மா கெடக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை. பகவதியம்மாளும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அவர்கள் கொல்லைக்கும் கோயிலுக்கும் நடுவே கோயிலின் பின்மதில்தான் எல்லை. பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள் காலை, மதில் உச்சியில் ஒரு பச்சைச் சுருள் எட்டிப்பார்ப்பதை பகவதியம்மாள் கண்டார். அடுத்தடுத்த நாட்களில் அது இலை விரித்து, கல்லிடுக்கைப் பற்றிப் பற்றி இந்தப் பக்கம் இறங்கியது. மதிலின் நடுவில் மஞ்சளாகப் பூத்தது. ஒரு காய் பிடித்து, சுத்தமாகக் கூட்டி வைத்திருந்த அந்த மூலைக்கு நேர்மேலே தொங்கியது. வரி வரியாகப் பள்ளம் விழுந்த காய்.

பகவதியம்மாள் ஓடிப்போய் மாடக்குழியிலிருந்து நூலை எடுத்துவந்தார். குற்றாலிங்கம் தடுத்துவிட்டார்.

"வேரு அவரு மண்ணுல இருக்கு. இது கோயில் காய்."

"காயி நம்ம பக்கம்லா தொங்குது."

"எட்டிப் பாக்குதாரு. பாத்துட்டுப் போகட்டும். நாம கைவைக்கக் கூடாது."

ஆனால் பாரம் தாங்காமல் காம்பு முறிந்துவிடுமே என்று கயிற்றால் ஓர் உறி பின்னி, மதிலில் ஆணி அடிக்காமல் பக்கத்து முருங்கையில் கட்டித் தொங்கவிட்டு, காயை அதில் உட்கார வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த பிரமநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"சாமியே மதில் ஏறிக் குதிச்சு வந்திருக்காரு. நீரு அவர உறியில உக்கார வச்சு வேடிக்கை பாக்கீரே வே."

"வந்தவரு எதுக்கு வந்தேன்னு அவரே சொல்லட்டும் அண்ணாச்சி."

பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறியது. அன்று மாலை குருக்கள் உற்சவமூர்த்தியின் திருக்கரத்தில் சந்தனம் தோய்த்த மஞ்சள் நூலால் காப்புக் கட்டினார். ஊரே நின்று பார்த்தது. இரவு நடை சாத்திச் சாவியைக் குருக்கள் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். காலையில் அவர் கதவைத் திறந்து அலங்காரத்துக்கு உட்கார்ந்தபோது திருக்கரத்தில் காப்பைக் காணவில்லை. பீடத்தில் தேடினார்கள், மாலைகளை உதறினார்கள், விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்கள். கொடியேறிய மறுநாளே இப்படி ஆகிவிட்டதே என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பகவதியம்மாள் பின்வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் எங்க கொல்லைக்கு வாருங்க" என்றார்.

குருக்களும் நாறும்பூ ஐயரும் பிரமநாயகமும் போய்ப் பார்த்தார்கள். உறியில் இருந்த காயின் காம்பில் ஒரு மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. சந்தனம் இன்னும் காயவில்லை. குருக்கள் நூலைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"நான் கட்டின காப்புதான். சந்தேகமே இல்லை. ஆனா இந்த முடிச்சு என்னோடது இல்லை."

இரண்டு சுற்று. முடிச்சு காம்புக்கு அடியில்.

"இது எங்க வீட்டு முடிச்சு சாமி" என்றார் பகவதியம்மாள். "நாங்க ரெண்டு பேரும் கட்டல. எங்க நூலு இன்னும் மாடக்குழியிலதான் இருக்கு."

குருக்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "குற்றாலிங்கம், சுவாமி உமக்கு விதைக்காய் விட்டிருக்கார். தன் கைக்காப்பை அவிழ்த்து அடையாளம் வச்சிருக்கார். நாங்க அவருக்கு வேற காப்புக் கட்டிக்கறோம். இதை அவிழ்க்கற அதிகாரம் எங்களுக்கு இல்லை."

எவர் வாசலிலும் வளையாத அந்த முதுகு அப்போது வளைந்தது. குற்றாலிங்கம் கொல்லை மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது நெற்றியெல்லாம் மண். அதை அவர் துடைக்கவில்லை.

காய் முற்றியது, கொடி வாடியது, விதை எடுத்தார்கள். பகவதியம்மாள் சாம்பலில் புரட்டி வைத்ததை ஒரு கொட்டானில் அள்ளிக்கொண்டு குற்றாலிங்கம் தெருவில் இறங்கினார். விதை கேட்டு ஒருவர் வாசலிலும் நிற்காத அந்த வீட்டுக்காரர், விதை கொடுக்க எல்லார் வாசலிலும் போய் நின்றார். முதல் வாசல் பிரமநாயகத்துடையது.

"சாமி விதைய எனக்கா வே குடுக்கீரு? உங்க வீட்டு வழக்கம் என்ன ஆச்சு?"

"ஒரு வீட்டுலயே பூட்டி வச்சோம். வெள்ளம் வந்து தொடச்சுட்டுப் போயிட்டு. அவரு மதிலுக்கு வெளியே நீட்டிக் காட்டுன பெறகும் நான் மடியிலயே முடிஞ்சு வச்சிருந்தா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி? பாக்கெட்டோட கலந்துராம தனியா ஊனும்."

பிரமநாயகம் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். "வித்துடையாரே" என்று அவர் வாயில் அன்று தானாக வந்தது. அதன் பிறகு பொன்னந்துறையில் சுவாமிக்கு அந்தப் பெயரே நிலைத்தது.

அடுத்த திருவாதிரைக் கூட்டுக்குக் காய் வழக்கம்போலக் குற்றாலிங்கம் வீட்டுக் கொட்டானில்தான் போனது. ஊரில் கொட்டகைக் கூரை தவறாமல் அதே பரங்கி காய்த்துக் கிடந்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்காமல் நிமிர்ந்து நின்ற அடியாருக்கு, கொடுக்கவேண்டியவர் மதிலேறி வந்து கொடுத்தார். அந்தக் குற்றாலிங்கத்தின் மண் படிந்த நெற்றி வாழ்க, அவர் குடி என்றும் முளைத்துத் தழைக்க.